ஐடிக்குள் கடிகாரம் தேடாதீர்கள்

டேட்டாபேஸ் வடிவமைப்புக் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு வாதம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுகிறது. புதிய டேபிள் ஒன்றைப் பலகையில் எழுதுகிறார்கள். முதன்மைச் சாவி, ஏழாம் பதிப்பு யூயூஐடி. அடுத்த வரியில் ‘உருவான நேரம்’ என்று யாராவது எழுதப் போனால் உடனே தடை வருகிறது: “அது எதுக்கு? நேரம்தான் ஐடியிலேயே இருக்கே!” புலம் அழிக்கப்படுகிறது, அதற்கான இண்டெக்ஸும் போகிறது. பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்ட, வேறொரு சிஸ்டத்துக்குப் புதிய பதிவுகளை அனுப்ப, ‘நேற்றைய ஆர்டர்கள்’ அறிக்கை எடுக்க, வாடிக்கையாளருக்குத் தரும் இணைப்பில் போட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஐடி போதும் என்று முடிவாகிறது.

இந்த முடிவு தவறு. ஒரு புலத்தை மிச்சம் பிடித்து, பல மாதம் கழித்து எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பிழைகளை விலைக்கு வாங்குகிற முடிவு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். நான்காம் பதிப்பு யூயூஐடியில் 122 பிட் ரேண்டம். எந்தச் சர்வரும் யாரையும் கேட்காமல் உருவாக்கலாம். மோதல் வரும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பி-ட்ரீ இண்டெக்ஸுக்கு அது கொடுமை. ஒவ்வொரு புதிய சாவியும் இண்டெக்ஸின் ஏதோ ஒரு மூலையில் போய் விழுகிறது. இண்டெக்ஸ் மெமரியைவிடப் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் டிஸ்க்கிலிருந்து ஒரு பக்கத்தைத் தூக்கி வர வேண்டும். போஸ்ட்கிரஸில் செக்பாயின்ட் முடிந்தபின் ஒரு பக்கத்தை முதல் தடவை தொட்டால், அந்த 8 கிலோபைட் பக்கம் முழுவதும் ரைட்-அஹெட் லாகில் எழுதப்படும். 16 பைட் சாவி ஒன்றுக்காக. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் டேபிளே முதன்மைச் சாவியின் வரிசையில்தான் அடுக்கப்படுகிறது. அங்கே ரேண்டம் சாவி வந்தால் 16 கிலோபைட் பக்கங்கள் நடுவில் பிளந்து பிளந்து அரைகுறையாக நிரம்பிக் கிடக்கும்.

நேரத்தை முன்பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை தீர்கிறது. புதிய சாவிகள் எல்லாம் இண்டெக்ஸின் வலது ஓரத்தில் அடுத்தடுத்து விழும். அந்தச் சில பக்கங்கள் எப்போதும் மெமரியிலேயே இருக்கும். 2010-இல் ட்விட்டர் ஸ்னோஃப்ளேக்கை அறிவித்தது: 64 பிட்டில் 41 பிட் மில்லிசெகண்ட், 10 பிட் இயந்திர எண், 12 பிட் வரிசை எண். இன்ஸ்டாகிராம் அதே யோசனையைப் போஸ்ட்கிரஸுக்குள்ளேயே செய்தது. 2016-இல் யூலிட் வந்தது, அடுத்த ஆண்டு செக்மென்ட் நிறுவனத்தின் கேசூயிட். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 ஏழாம் பதிப்பு யூயூஐடியைத் தரமாக்கியது: 48 பிட் யூனிக்ஸ் மில்லிசெகண்ட், பிறகு பதிப்பு, வகைக் குறிகள் போக 74 பிட். 2025 செப்டம்பரில் போஸ்ட்கிரஸ் 18 அதை உருவாக்கும் ஃபங்க்‌ஷனை உள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இந்தப் பலன் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஒற்றை டேட்டாபேஸில் ரேண்டம் யூயூஐடியைச் சாவியாக வைத்திருப்பவர்கள் மாறுவது நல்லது என்றே சொல்வேன்.

மறுப்பு அடுத்த அடியில்தான். ‘ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்தவை அருகருகே விழும்’ என்பதுதான் நிரூபிக்கப்பட்ட விஷயம். அதிலிருந்து ‘ஐடியின் வரிசைதான் நிகழ்வுகளின் வரிசை’ என்று தாவுகிறார்கள். முதலாவது டிஸ்க்கைப் பற்றிய கூற்று. இரண்டாவது உலகத்தைப் பற்றிய கூற்று. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை.

1. ஐடி எப்போது பிறக்கிறது, பதிவு எப்போது பிறக்கிறது?

இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி டிசைன்கள் மாறியிருக்கும். ஐடி பிறப்பது ஃபங்க்‌ஷனைக் கூப்பிட்ட நொடியில். பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன நொடியில். கிளினிக்கில் டோக்கன் வாங்கிய வரிசை வேறு, டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த வரிசை வேறு. வெளியே வருகிறவர்களை எண்ணுகிற வேலைக்கு டோக்கன் எண்ணை நம்ப முடியாது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். காலை 10 மணி 00.100 வினாடி: ஓர் இணைப்பில் ஆர்டர் ஒன்றுக்கு ஐடி உருவாகிறது. அதே டிரான்ஸாக்‌ஷனில் இருப்பைக் குறைக்க வேண்டும், தள்ளுபடியைச் சரிபார்க்க வேண்டும்; கமிட் ஆவது 00.900-க்கு. இதற்கிடையில் 00.300-க்கு இன்னோர் இணைப்பில் இரண்டாவது ஆர்டர் ஐடி பெறுகிறது. அதற்கு வேலை குறைவு, 00.350-க்கே கமிட். 00.500-க்குக் கிடங்கு சிஸ்டத்துக்குப் பதிவுகளை அனுப்பும் ஜாப் விழித்து, ‘கடைசியாகப் பார்த்த ஐடிக்கு மேலே உள்ளதெல்லாம் கொடு’ என்று கேட்கிறது. இரண்டாவது ஆர்டர் கிடைக்கிறது. அதன் ஐடியைக் ‘கடைசி’ என்று குறித்துக்கொள்கிறது. ஒரு வினாடி கழித்து மறுபடி விழித்து, அந்த ஐடிக்கு மேலே உள்ளதைக் கேட்கிறது. முதல் ஆர்டர் இப்போது கமிட் ஆகித் தயாராக இருக்கிறது. ஆனால் அதன் ஐடி சிறியது. அது கேள்விக்குள் வராது, அடுத்த முறையும் வராது, என்றைக்கும் வராது.

எந்த எரரும் இல்லை. லாகில் ஒரு வரி இல்லை. பணம் கட்டிய வாடிக்கையாளர் பொருள் வரவில்லை என்று போன் செய்யும்போதுதான் தெரியும். அப்போதும், “அந்த ஆர்டர் டேபிளில் இருக்கிறதே, ஏன் போகவில்லை?” என்றுதான் தேடுவார்கள், ஐடியைச் சந்தேகிக்கும் எண்ணமே வராது. சோதனைச் சர்வரில் இது வெளிப்படாது, ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் இரண்டு டிரான்ஸாக்‌ஷன்கள் ஓடுவதே அபூர்வம். தீபாவளித் தள்ளுபடி மாதிரி கூட்டம் மொய்க்கும் நாளில்தான் வெளிப்படும். அன்றைக்குத்தான் ஒவ்வோர் ஆர்டரும் முக்கியம்.

தானாக ஏறும் எண்ணிலும் இதே ஓட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதுவும் கமிட்டுக்கு முன்பே வழங்கப்படும் எண்தான். ஆனால் அந்த எண்ணை டேட்டாபேஸ்தான் தர முடியும் என்பதால், எண் பிறப்பதற்கும் பதிவு பிறப்பதற்கும் உள்ள இடைவெளி ஒரு டிரான்ஸாக்‌ஷன் அளவோடு நின்றது. நேர ஐடியை யாரும் எங்கும் உருவாக்கலாம் என்பதே அதன் பெருமை; அதனால் இடைவெளிக்கு எல்லையே இல்லாமல் போய்விட்டது. ஐடி பிறந்து க்யூவில் பத்து நிமிடம் காத்திருக்கலாம். சிக்னல் இல்லாத ஊரில் கணக்கெடுப்புக்குப் போனவரின் மொபைலில் காலையில் பிறந்து, மாலையில்தான் சர்வருக்கு வரலாம்.

‘ஐந்து வினாடி பின்தங்கிப் படித்தால் போதும்’ என்ற ஒட்டுவேலை பரவலாக இருக்கிறது. ஐந்து வினாடிக்கு மேல் நீளும் டிரான்ஸாக்‌ஷன் உங்களிடம் ஒன்றுகூட இல்லை என்று உறுதி சொல்ல முடியுமா? இரவு ஓடும் பேட்ச் ஜாப் இருபது நிமிடம் எடுக்கும். லாக்குக்காகக் காத்து நிற்கும் ஒரே ஒரு அப்டேட் போதும், கணக்கு தவற.

2. யாருடைய கடிகாரம்?

ஐடியில் இருப்பது ‘நேரம்’ என்று சொல்கிறோம். உண்மையில் இருப்பது, ஒரு குறிப்பிட்ட இயந்திரம் அந்தக் கணத்தில் நேரம் என்று நம்பிய எண். பத்து சர்வர் இருந்தால் பத்து நம்பிக்கைகள். என்டிபி அவற்றை நெருங்க வைக்கும், ஒன்றாக்காது. வெவ்வேறு இயந்திரங்களின் கடிகாரத்தைப் பார்த்து நிகழ்வுகளின் முன்பின்னைத் தீர்மானிக்க முடியாது என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். தீர்மானித்தே ஆகவேண்டும் என்று நினைத்த கூகுள், ஸ்பேனருக்காகத் தன் டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ் ரிசீவர்களையும் அணுக் கடிகாரங்களையும் வைத்தது. அப்படியும் துல்லியமான நேரம் தெரியும் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நேரம் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, ஒரு சில மில்லிசெகண்ட் அளவிலான அந்த ஐயம் தீரும்வரை கமிட்டைக் காத்திருக்க வைப்பதாக விளக்கியது. நீங்கள் இறக்கிப் போட்ட ஐடி லைப்ரரி எந்த ஐயத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

கடிகாரம் பின்னாலும் போகும். 2016 டிசம்பர் 31-ஆம் தேதி இறுதியில் உலக நேரத்தில் ஒரு லீப் வினாடி சேர்த்தார்கள். நமக்கு அது 2017 புத்தாண்டுக் காலை ஐந்தரை மணி. ‘நேரம் பின்னோக்கிப் போகாது’ என்று நம்பி எழுதிய ஒரு கழித்தலில் எதிர்மறை எண் வந்து, கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் சேவையின் ஒரு பகுதி அன்று விழுந்தது. ஸ்னோஃப்ளேக்கை எழுதியவர்கள் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். கடிகாரம் பின்வாங்கினால் ஐடி தரவே மறுத்து எரர் கொடுக்கும்படி எழுதினார்கள். அந்த மறுப்பைச் சமாளிக்க உங்கள் நிரலில் ஏதாவது இருக்கிறதா? பல நகல்களில் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டு, ‘இப்போது வேலை செய்கிறது’ என்று திருப்தி அடைந்திருக்கிறார்கள்.

ஒரே இயந்திரத்துக்குள்ளாவது வரிசை உறுதியா? போஸ்ட்கிரஸ் 18 தரும் உறுதி ஒரே பேக்எண்ட் புராசஸுக்குள் மட்டும்தான். கனெக்‌ஷன் பூலில் நாற்பது இணைப்பு இருந்தால் நாற்பது தனித்தனி வரிசைகள். கேசூயிட்டில் நேரம் வினாடிக் கணக்கில்தான் இருக்கிறது; ஒரே வினாடியில் பிறந்தவற்றின் முன்பின்னை ரேண்டம் பிட்டுகள்தான் தீர்மானிக்கும்.

இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேரம் என்ற புலத்தில் இரண்டு பதிவுகளின் மதிப்பு சமமாக இருந்தால், ‘எது முந்தியது என்று தெரியாது’ என்பது வெளிப்படையாகத் தெரியும். ஐடிகள் ஒருபோதும் சமமாக இருக்க முடியாது. அதனால் எந்த இரண்டைக் கொடுத்தாலும் ஒன்று முந்தியது என்றே அது சொல்லும். தெரியாது என்று சொல்லத் தெரியாத சாட்சியை நீதிமன்றத்தில் ஏற்கமாட்டோம். கணக்குப் பதிவேட்டில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

தரத்தை எழுதியவர்களே இந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. யூயூஐடியில் உள்ள நேரம் உண்மை நேரத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று ஆர்எஃப்சி 9562 சொல்கிறது. நேரத்தை மாற்றவும் மங்கலாக்கவும் அனுமதிக்கிறது. போஸ்ட்கிரஸ் ஃபங்க்‌ஷனில், நேரத்தை வேண்டிய அளவு முன்பின் நகர்த்த ஒரு பாராமீட்டரே இருக்கிறது. ட்விட்டரும் ‘ஏறத்தாழ வரிசை’ என்றுதான் சொன்னது. ‘ஏறத்தாழ’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

3. நேரம் திருத்தப்படும், சாவி திருத்தப்படக் கூடாது.

இது அடிப்படைத் தர்க்கம். முதன்மைச் சாவியை மாற்றினால் அதைச் சுட்டும் அத்தனை டேபிளும், அனுப்பிய அத்தனை மின்னஞ்சலும், அடுத்தவர் சேமித்து வைத்த அத்தனை இணைப்பும் உடைந்துபோகும். ஆகவே அதைத் தொடக் கூடாது. நேரமோ ஒரு தகவல். தகவல் தவறாக இருக்கலாம், தவறு தெரிந்தால் திருத்த வேண்டும். திருத்தவே கூடாத ஒன்றுக்குள் திருத்த வேண்டியிருக்கும் ஒன்றைப் பூட்டி வைத்தால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிவரும்.

பழைய சிஸ்டத்திலிருந்து தரவை இடம்பெயர்க்கும் நாளில் இது முகத்தில் அடிக்கும். 2019-ஆம் ஆண்டின் இன்வாய்ஸ்கள் புதிய டேபிளுக்கு வரும்போது அவற்றின் ஐடி இன்றைய தேதியைச் சொல்லும். ‘உருவான நேரம்’ புலத்தைத்தான் அழித்துவிட்டோமே? அப்போது பழைய தேதியை உள்ளே வைத்து ஐடிகளைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்குவார்கள். தயாரித்ததும் வலது ஓரத்தில் விழும் என்ற டிஸ்க் பலனும் போனது, ஐடி பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் போனது.

அன்றாட அறிக்கைகூடத் தப்பாது. ஐடியில் உள்ள நேரம் உலக நேரம். ‘நேற்றைய ஆர்டர்கள்’ என்பதற்கு நேற்றின் தொடக்க ஐடி, முடிவு ஐடி என்று இரண்டு எல்லைகளைக் கையால் தயாரிக்கிறார்கள். இந்தியாவில் நாள் தொடங்குவது உலக நேரம் மாலை 6.30-க்கு. அதை மறந்த நிரலில் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்த ஆர்டர்கள் முந்தின நாள் கணக்கில் சேரும். நேர மண்டலம் அறிந்த ஒரு டேட்டா டைப் டேட்டாபேஸிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு பிட் கணக்கு போட என்ன அவசியம்?

4. மறைக்க வேண்டியதை முகவரியிலேயே எழுதி ஒட்டுகிறீர்கள்.

நேர ஐடியைப் படிப்பதற்குச் சாவி எதுவும் வேண்டாம். ட்விட்டர் ஐடி ஒன்றை 4194304-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 1288834974657-ஐக் கூட்டினால் அது பிறந்த மில்லிசெகண்ட் கிடைக்கும். டிஸ்கார்டில் ஒருவருடைய ஐடியைப் பார்த்து அந்தக் கணக்கு என்று தொடங்கப்பட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். ஏழாம் பதிப்பு யூயூஐடியில் இன்னும் எளிது: முதல் 12 பதினாறடிமான இலக்கங்களைத் தசம எண்ணாக மாற்றினால் போதும். ஆர்எஃப்சியில் உள்ள மாதிரி ஐடியை அப்படி மாற்றினால் 1645557742000 வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2022 பிப்ரவரி 22, பிற்பகல் 2 மணி 22 நிமிடம் 22 வினாடி.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிலைமையைச் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் புகார் தர ஒரு பக்கத்தை ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது என்று கொள்வோம். மேலதிகாரி மீது ஒரு பெண் ஊழியர் அலுவலகக் கணினியிலிருந்தே புகார் எழுதுகிறார். பெயர் இல்லை, துறை இல்லை. ஆனால் புகாரின் ஐடி அதன் பிடிஎஃப் தலைப்பில் இருக்கிறது, விசாரணைக் குழுவின் மின்னஞ்சலில் இருக்கிறது, கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கும் போகிறது. அந்த ஐடியில் மில்லிசெகண்ட் துல்லியத்தில் நேரம். அலுவலக நெட்வொர்க் லாகில், அந்த வினாடியில் புகார்ப் பக்கத்தின் சர்வரோடு பேசிய கணினி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எழுதியவர் யார் என்று தெரிய அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தனிப் புலமாக இருந்திருந்தால் அந்த நேரத்தை யாருக்குக் காட்டுவது என்று அனுமதி வைத்திருக்கலாம், தேதியை மட்டும் காட்டியிருக்கலாம், வாரமாகக்கூட மங்கலாக்கியிருக்கலாம். ஐடிக்கு அனுமதி வைக்க முடியாது. எல்லா இடத்துக்கும் போவதுதான் ஐடியின் வேலை. அடையாளத்துக்குள் தகவலை அடைப்பதன் ஆபத்தை இந்தத் துறை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறது: முதலாம் பதிப்பு யூயூஐடியில் நெட்வொர்க் அட்டையின் எண் இருந்தது, 1999-இல் மெலிசா வைரஸ் விசாரணையில், வேர்ட் ஆவணத்தில் பதிந்திருந்த அப்படியோர் அடையாளம் துப்பாக அமைந்தது. அங்கே சிக்கியவர் குற்றவாளி. அதே வழியில் அப்பாவியும் சிக்குவார்.

ஊகிக்க முடியாதது என்ற நம்பிக்கையும் சேர்ந்தே பழுதாகிறது. யூலிட்டின் ஏறுவரிசை முறையில், ஒரே மில்லிசெகண்ட்டில் பிறக்கும் அடுத்த ஐடி முந்தையதோடு 1 கூட்டியது. மோங்கோவின் ஆப்ஜெக்ட் ஐடியில் 4 பைட் வினாடி, 5 பைட் புராசஸ் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை எடுக்கும் ரேண்டம் மதிப்பு, 3 பைட் ஒவ்வொன்றாக ஏறும் கவுன்ட்டர். ஒன்று கையில் கிடைத்தால் பக்கத்தில் உள்ளவற்றைத் தேடிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதற்கும் நான்காம் பதிப்பையே பயன்படுத்துங்கள் என்று ஏழாம் பதிப்பை அறிமுகப்படுத்திய அதே ஆர்எஃப்சி பரிந்துரைக்கிறது. கடவுச்சொல் மாற்றும் இணைப்பில் ஏழாம் பதிப்பு ஐடியைப் போடுகிறவர்கள் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

5. வேகம் என்ற கடைசிக் கோட்டையும் எல்லா ஊரிலும் நிற்காது.

ஒற்றைச் சர்வரில் வலது ஓரம் நல்லது. சாவி எல்லைகளை வைத்துத் தரவைப் பல சர்வருக்குப் பிரிக்கும் டேட்டாபேஸில் அதே வலது ஓரம்தான் நோய். புதிய பதிவுகள் அத்தனையும் கடைசிப் பகுதியை வைத்திருக்கும் ஒரே சர்வர் மேல் விழும். மற்ற சர்வர்கள் சும்மா இருக்கும். தொடர்ந்து ஏறும் சாவியை முதலில் வைக்காதீர்கள் என்று ஸ்பேனர் ஆவணங்கள் எச்சரிப்பதும், எச்பேஸ் பயன்படுத்துபவர்கள் சாவிக்கு முன்னால் உப்பு சேர்ப்பதும் இதனால்தான். ஆரக்கிளில் சாவியின் பைட்டுகளைத் திருப்பி வைக்கும் இண்டெக்ஸ் ஒன்று உண்டு. அது வலது ஓர நெரிசலைக் கலைக்கவே வந்தது.

ஐடியை 16-ஆல் வகுத்த மீதியை வைத்து 16 ஷார்டாகப் பிரிப்பவர்களுக்கு இன்னொரு பொறி. ஸ்னோஃப்ளேக்கின் கடைசி 12 பிட் ஒவ்வொரு மில்லிசெகண்ட்டிலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. மில்லிசெகண்ட்டுக்கு ஒன்றுகூட வராத சாதாரணக் கூட்டத்தில் அது எப்போதும் பூஜ்ஜியம்தான். மீதியும் பூஜ்ஜியம்தான். பதினைந்து ஷார்டுகள் காலியாகக் கிடக்கும்.

இயந்திர எண்ணை யார் தருவது என்பதையும் யாரும் பேசுவதில்லை. ட்விட்டர் அதற்கு ஜூக்கீப்பரை வைத்தது. கன்டெய்னர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் இன்றைய சூழலில் ஐபி முகவரியின் கடைசிப் பிட்டுகளை இயந்திர எண்ணாக எடுக்கிறார்கள். இரண்டு கிளஸ்டரில் ஒரே ஐபி வரம்பு இருந்தால் இரண்டு சர்வருக்கு ஒரே எண். இரண்டும் ஒரே மில்லிசெகண்ட்டில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் ஒரே ஐடி. தனித்துவத்துக்காகக் கட்டிய பொருள் அந்தத் தனித்துவத்தையே இழக்கிறது. சொந்தமாக ஸ்னோஃப்ளேக் எழுதி, தொடக்க நாளை மாற்றாமல் 1970 என்றே விட்டவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளட்டும்: 41 பிட் மில்லிசெகண்ட் 2039 செப்டம்பரில் தீர்ந்துவிடும்.

அளவு பற்றி ஒரு கணக்கோடு நகர்கிறேன். இன்னோடிபியில் ஒவ்வொரு துணை இண்டெக்ஸும் முதன்மைச் சாவியின் நகலைச் சுமக்கிறது. 10 கோடி பதிவு, 5 துணை இண்டெக்ஸ் உள்ள டேபிளில் 8 பைட் எண்ணுக்குப் பதில் 16 பைட் யூயூஐடி வைத்தால் கூடுதல் செலவு 480 கோடி பைட். அதையே 36 எழுத்துச் சரமாக வைத்தால் 1680 கோடி பைட். ஒரே டேட்டாபேஸ், ஒரே எழுதும் சர்வர் என்று இருப்பவர்களுக்குத் தானாக ஏறும் 8 பைட் எண்ணே இன்றும் சரியான விடை.

‘சில மில்லிசெகண்ட் முன்பின் ஆனால் யாருக்கு நஷ்டம்?’ என்ற பதில் எனக்குத் தெரியும். புகைப்படப் பட்டியலுக்கு நஷ்டம் இல்லை. அங்கே ஐடியால் அடுக்குங்கள், எனக்கு ஆட்சேபம் கிடையாது. வங்கிக் கணக்கில் வரவு முந்தியதா பற்று முந்தியதா என்பதற்கும், ஏலத்தில் கடைசிக் கேட்பு எது என்பதற்கும், மேலே சொன்ன கிடங்கு ஜாபுக்கும் அது நஷ்டம். பட்டியலுக்குச் சரி என்று தொடங்கிய பழக்கம் கணக்குப் பதிவேடுவரை போய்விடுகிறது என்பதே என் புகார். ‘உருவான நேரம் புலத்தை நிரப்புவதும் அதே கடிகாரம்தானே?’ என்றும் கேட்பார்கள். அதே கடிகாரம்தான். கமிட் வரிசையை அந்தப் புலமும் தராது. ஆனால் அதைத் திருத்தலாம், மறைக்கலாம், சமம் என்று சொல்ல விடலாம். ஐடியில் இது ஒன்றும் முடியாது.

வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். டிஸ்க்குக்காக ஏழாம் பதிப்பை உள்சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எந்த நிரலும் பார்க்க வேண்டாம். நேரத்துக்கு நேரப் புலம். வெளியே போகும் இணைப்புக்கு முழு ரேண்டம் டோக்கன். மாற்றங்களை இன்னொரு சிஸ்டத்துக்கு அனுப்ப டேட்டாபேஸின் லாகையே படியுங்கள். போஸ்ட்கிரஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷன், டெபீசியம் எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. அது பெரிய ஏற்பாடு என்றால் டிரான்ஸாக்‌ஷன் எண்ணைப் பதிவில் சேமித்து, இன்னும் முடியாத டிரான்ஸாக்‌ஷன்களில் மிகப் பழையது எது என்று போஸ்ட்கிரஸைக் கேட்டு, அதற்கு முந்தியவற்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

நாளைக்கு அலுவலகம் போனதும் உங்கள் நிரலில் ஐடியை ‘விடப் பெரியது’ என்று ஒப்பிடும் வரிகளையும், ஐடியிலிருந்து நேரத்தைப் பிரித்தெடுக்கும் வரிகளையும் தேடுங்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் உட்கார்ந்து, கமிட் தாமதமானால் இங்கே எந்தப் பதிவு விடுபடும் என்று கேளுங்கள். பணத்தையோ ஒரு மனிதரின் பாதுகாப்பையோ தொடும் வரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.